நூற்று நாற்பத்து மூன்று ஊர்கள்

2025 ஜூன் 11, புதன்

சாரல் தொடங்கிவிட்டது. ஆலங்குளம் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டு இருட்டுக்குள் உட்கார்ந்து போனோம். நான் வேலை பார்க்கிற அஞ்சலகத்தில் ஆதார் திருத்த வந்தவர்கள் கூட்டம். மத்தியானம் சோறு உண்ணும்போது தபால்காரர் பிச்சைமணி கேட்டார்: "அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல ஊரைப் பத்தியெல்லாம் எழுதுதியளாமே, என்னது அது?" இணையக் கலைக்களஞ்சியம், யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், எல்லாரும் இலவசமாகப் படிக்கலாம், எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்றேன். "பொறவு எதுக்கு எழுதுதீய?" என்றார். ஊறுகாயை அவர் பக்கம் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து களஞ்சியத்தைத் திறந்தால், மற்றவர்கள் எனக்கு எழுதும் பேச்சுப் பக்கத்தில் ஒரு செய்தி. எழுதியவர் முஃபீத். கடையநல்லூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஒரு வருடமாக ஒழுங்காக எழுதுகிறார். 'புதுக்குறுக்கன்குளம் கட்டுரையில் மூன்றாம் பத்தி இப்படி இருக்கிறது: நான் சங்கிலி பிடித்து அளந்த ஆண்டில் இக்குளத்தின் மறுகால் கிழக்கே இருந்தது. ஐயா, இந்த நான் யார்? கலைக்களஞ்சியத்தில் நான் வரலாமா?'

அந்தக் கட்டுரையைத் தொடங்கியவன் நான். 2012-இல். பதின்மூன்று வருடமாக அந்த 'நான்' அங்கேயே இருந்திருக்கிறது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்.

ஜூன் 12, வியாழன்

அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். காரணம் கேட்கும் கட்டத்தில் 'நடைத் திருத்தம்' என்று போட்டேன். முஃபீதுக்கு நன்றி சொல்லி ஒரு வரி.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்து வரும் வழியில், இன்றைக்குப் போதகர் ஐயர் எந்த வசனத்தை எடுத்தார் என்று மனைவி கிருபா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே எழுதினால் யாரும் பார்க்கப்போவதில்லை. எழுதலாம்.

அந்த 'நான்' கைலாசம் சார். ராயகிரிக்காரர். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின், தான் அளந்த ஊர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதித் தானே ஐந்நூறு பிரதி அச்சடித்தார். 'சங்கிலி போன ஊர்கள்', 1998. நூற்று நாற்பத்து மூன்று ஊர். ஒவ்வோர் ஊருக்கும் குளம், மடை, மிகுநீர் வெளியேறும் மறுகால், எல்லைக்கல், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஊரார் சொன்னது. 2011-இல் நான் சிவகிரி அஞ்சலகத்தில் இருந்தேன். மிஞ்சிய பிரதிகளை நூலகங்களுக்கு அனுப்ப வருவார். ஒருநாள் கவுண்டர் வழியாக எனக்கும் ஒன்றை நீட்டினார். "வாசிப்பீரா?" என்றார். வாசிப்பேன் சார் என்றேன்.

வாசித்தேன். பிறகு தட்டச்சு செய்தேன். 2012 கோடையில் மூன்று மாதம், வேலை விட்டு வந்ததும், வரிக்கு வரி. 'நான்' வருகிற இடங்களை எடுத்துக்கொண்டே போனேன். ஒன்று தப்பிவிட்டது. புத்தகத்தின் பெயரை எங்கும் போடவில்லை. ஏன் போடவில்லை? அப்போது யாரும் சான்று கேட்கவில்லை. அது ஒரு காரணம். அவ்வருடம் மிக அதிகமான ஊர்க் கட்டுரைகளை எழுதியவர் என்று எல்லாரும் பாராட்டினார்கள். நான்கு வருடம் கழித்து நிர்வாகி ஆக்கினார்கள். அடுத்தவர் கட்டுரைகளை நீக்குகிற அதிகாரம் அதில் உண்டு. நீக்கியும் இருக்கிறேன். பதிப்புரிமை மீறல் என்று.

சார் 2014-இல் காலமானார். அவருக்குத் தெரியாது. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தேன்.

எழுதி முடித்தால் ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். பேனா மையைப் பற்றித்தான் தோன்றியது. வேறு வாங்க வேண்டும்.

ஜூன் 21, சனி

குற்றாலத்தில் ஒரு கல்லூரியில் களஞ்சியப் பயிலரங்கு. முன்பே ஒப்புக்கொண்டது. எனக்குத் தந்த தலைப்பு: பதிப்புரிமையும் சான்றும்.

ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டது: "சார், கீழ புக்கு பேரைப் போட்டுட்டா அப்படியே எடுத்துப் போடலாம்லா?"

போடக் கூடாது என்றேன். தகவல் எல்லாருக்கும் பொது. அதைச் சொன்ன வாக்கியம் எழுதியவருக்குச் சொந்தம். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவை, உன் சொல்லில் எழுது. எழுதியபின் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று சொல். சொல்லை மட்டும் மாற்றி வாக்கியத்தின் எலும்பை அப்படியே வைத்தால் அதுவும் நகல்தான்.

"எழுதினவரு செத்துப்போயிட்டா?"

செத்தபின்னும் அறுபது வருடம் வாரிசுக்குச் சொந்தம் என்றேன்.

போர்டில் எழுதினேன், எழுத்து நேராக வந்தது. முடிவில் சால்வை போட்டார்கள்.

கிருபா வெளியே காத்திருந்தாள். ஐந்தருவிக்குப் போனோம். ஆண்கள் பக்கம் வரிசையில் நின்று உள்ளே போனேன். தண்ணீர் தலையில் விழுந்தது. சுற்றி எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டு நின்றார்கள். போலீஸ்காரர் விசில் ஊதியதும் வெளியே வந்தேன். "நல்லா இருந்துச்சா?" என்று கிருபா கேட்டாள். ஈரமாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். துண்டை எடுத்து நீட்டினாள்.

ஜூன் 30, திங்கள்

முஃபீத் மறுபடியும். இந்த முறை வேறு கட்டுரை.

'ஐயா, எல்லைக்கல் பற்றிய பத்திக்குப் பழைய மாவட்ட விவரச்சுவடி, பக்கம் 212 என்று சான்று இருக்கிறது. திருநெல்வேலி போனபோது நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். 212-இல் மழை அளவு அட்டவணைதான் இருக்கிறது. பதிப்பு வேறாக இருக்குமோ?'

பதில் எழுதவில்லை.

ஜூலை 3, வியாழன்

வேலை நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன். "சார், நான் சிவகிரி முருகம்மாள் பேசுதேன். கைலாசம் சார் மக." ஆபீசுக்குப் போன் போட்டுப் பிச்சைமணியிடம் நம்பர் வாங்கியதாகச் சொன்னார். அப்பா புத்தகத்தைத் திரும்ப அச்சுப்போடப் பார்க்கிறாராம், அதில் ஒரு சிக்கலாம், கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாராவது வேண்டுமாம். "ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போறியளா?"

வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல.

ஜூலை 6, ஞாயிறு

காலை பஸ்ஸில் சிவகிரி. முருகம்மாளுக்கு அறுபது இருக்கும். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை உட்காரவைத்து, பக்கத்து வீட்டுப் பையனிடம் கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

மேசையில் தடிமனாக ஒரு கட்டு. புத்தகத்தை முழுக்கத் தட்டச்சு செய்து திருநெல்வேலியில் ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்திருக்கிறார். அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு.

"எழுபது சதவீதம் இன்டர்நெட்ல இருக்காம். அதப் பாத்துக் காப்பியடிச்சிருக்காம். எங்கப்பா செத்துப் பதினோரு வருசம் ஆச்சி சார். அவருக்கு செல்போன்ல நம்பர் அடிக்கத் தெரியாது. அவரா காப்பியடிச்சாரு?"

பழைய புத்தகத்தைக் காட்டலாமே என்றேன். என் வாய்தான் சொன்னது.

"எங்க இருக்கு? மிச்சமிருந்த கட்ட கரையான் தின்னுட்டு. இந்தா, இது ஒண்ணுதான்." அட்டையும் முதல் எட்டுப் பக்கமும் இல்லாத பிரதி. ஆண்டு போட்டிருந்த பக்கம் காணாமல் போன அந்த எட்டில்தான் இருந்திருக்கும். "இது எப்ப அடிச்சதுன்னு யாருக்குத் தெரியும்னு கேக்காவ. லைப்ரரில கேட்டேன், பழசையெல்லாம் கழிச்சிட்டாவளாம். எவனோ ஒருத்தன் அப்பா புஸ்தகத்த முழுசாத் தூக்கி அதுல போட்டிருக்கான் சார். எவன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நாலு கேள்வி கேக்கணும்."

கலர் நன்றாகக் குளிர்ந்திருந்தது. முழுவதும் குடித்தேன். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

முழுப் பிரதி, ஆண்டு போட்ட பக்கத்தோடு, என் பீரோவில் இருக்கிறது. துணிகளுக்குக் கீழே.

ஜூலை 7, திங்கள்

சொல்லவில்லை.

ஜூலை 14, திங்கள்

இதையும் எழுதிவிடுகிறேன்.

2017-இல் களஞ்சியத்தில் சான்றில்லாத ஊர்க் கட்டுரைகளைக் கணக்கெடுத்தார்கள். என் நூற்று நாற்பத்து மூன்றிலும் 'சான்று தேவை' என்ற எச்சரிக்கை வார்ப்புரு விழுந்தது. அன்றைக்குப் புத்தகத்தின் பெயரைப் போட்டிருக்கலாம். போட்டால் யாராவது புத்தகத்தைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆகவே வேறு புத்தகங்களைப் போட்டேன். விவரச்சுவடி, மக்கள்தொகைக் கையேடு, பழைய விழா மலர் ஒன்று. பக்க எண்களை என் இஷ்டத்துக்கு. மூன்று ஞாயிற்றுக்கிழமை.

2012-இல் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஊருக்கு நல்லதுதானே என்று நினைத்துச் செய்தேன். அது முழுப்பொய்யும் இல்லை. 2017-க்கு என்ன சொல்வேன்? எல்லாம் தெரிந்துதான் செய்தேன். அப்போது நான் நிர்வாகி.

கைலாசம் சாருக்கு ஊர்ப்பெயர் சொன்ன ஆட்களின் பேரெல்லாம் புத்தகத்தில் இருந்தன. 'இதைச் சொன்னவர் இன்னார், வயது எழுபது' என்று. அவற்றையும் எடுத்துவிட்டேன். அவர்தான் ஒழுங்காகச் சான்று கொடுத்திருக்கிறார்.

ஜூலை 19, சனி

முஃபீத் போனில் கூப்பிட்டார். என் எண் பயிலரங்கு அறிவிப்பில் இருந்ததாம்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. பொதுப் பக்கத்துல கேக்க எனக்கு மனசு வரல. பதினெட்டுக் கட்டுரை பாத்துட்டேன். ஒரு சான்று கூட ஒத்து வரல. ஒங்க அக்கவுண்டுல வேற யாரும் நுழைஞ்சு மாத்திட்டாங்களா?"

தப்பிக்க வழி சொல்லித் தருகிறார். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

பழைய வேலை, நினைவில்லை, பார்க்கிறேன் என்றேன்.

"சரி அண்ணாச்சி. நீங்க எழுதினதப் பாத்துத்தான் நான் இதுக்குள்ள வந்தேன்" என்றார். கடையில் யாரோ மாத்திரை கேட்டார்கள். வைத்துவிட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

கிருபா: "ஏன் பாதிச் சோத்துல எந்திரிக்கீய? சுகர் பாப்பமா?"

பார்த்தோம். சரியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முருகம்மாள் போன். குரலே சரியில்லை. நேற்று ராயகிரியில் அம்மன் கோயில் கொடை. பந்தியில் வைத்து அசலூர் ஆள் ஒருவர், "பெரியவரு புஸ்தகம் எழுதினாருன்னு சொன்னாவ, பாத்தா கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்ததாம்லா" என்று சொல்லிச் சிரித்தாராம். பதிப்பகத்தில் வேலை பார்க்கிற பையனின் உறவாம்.

"எலையில இருந்து எந்திரிச்சு வந்துட்டேன் சார். வெயில்ல சங்கிலிய இழுத்து இழுத்து எங்கப்பாவுக்குத் தோள்பட்ட எறங்கிப்போச்சி. கண்டுபிடிச்சிட்டியளா சார்?"

ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்கிறேன் என்றேன்.

போனை வைத்தபின் மூன்று மணித் தபாலை ஐந்து மணித் தபாலுக்கான பையில் போட்டேன். பிச்சைமணி எடுத்துத் தந்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போய்வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பையில் புத்தகத்தை எடுத்துப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்து, ஆண்டு போட்ட பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க கெடச்சுது? ஆண்டவன்தான் ஒங்கள அனுப்பினான்" என்றார். அதற்கு முன்பே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியவில்லை.

"இதை அதுல போட்டது நான்தாம்மா."

"என்னது?"

"எவன்னு கேட்டீங்கள்லா. நான்தான். சார் எனக்குக் கொடுத்த பிரதி இது. இதப் பாத்துத்தான் அடிச்சேன்."

நின்றபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி பக்கங்களைப் புரட்டியது. அவர் கையை வைத்து அமர்த்தினார்.

"துட்டிக்கு வந்தியளே."

"வந்தேன்."

"பதினாறுக்கு வந்து சாப்பிட்டியளே. போன மாசம் இங்கன உக்காந்து கலர் குடிச்சிட்டு, பாக்கேன்னு சொல்லிட்டுப் போனியளே."

ஆமாம் என்றேன்.

"எங்கப்பா பேரு அதுல எங்கயாவது ஒரு எடத்துல இருக்கா?"

"இல்ல."

"நூத்தி நாப்பத்து மூணு ஊருலயும்?"

"இல்லம்மா."

அப்போதுதான் உட்கார்ந்தார். நான் விதியைச் சொன்னேன். சொல்ல வேண்டியது கடமை. இரண்டு வழி இருக்கிறது: நீங்கள் வாரிசு, யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்று எழுத்தில் அனுமதி தந்தால், சார் பெயரோடு அங்கே இருக்கும். இல்லையென்றால் அத்தனையும் நீக்கப்படும்.

"ஒங்களுக்கு எது வசதி?" என்று கேட்டார்.

முதலாவது என்றேன். பொய் சொல்லவில்லை.

"எங்கப்பா எழுதினத எவனும் மாத்தலாம்னு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? எடுத்திருங்க. எல்லாத்தையும் எடுத்திருங்க. அந்தப் பதிப்பகத்துக்காரனுக்கு ஒங்க பேரு, ஒங்க ஆபீசு, நீங்க செஞ்சது, ஒண்ணுவிடாம எழுதி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. எனக்கு நகல் வேணும்." புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது இங்கனயே இருக்கட்டும்."

சரி என்றேன். செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து சொன்னார்: "ஒரு வார்த்தை அவருகிட்டக் கேட்டிருந்தா, நானே கூட உக்காந்து வாசிச்சுச் சொல்லுதேன், நீரு டைப் அடியும்னு சொல்லியிருப்பாரு. அப்படிப்பட்ட மனுசன்."

பஸ் உடனே கிடைத்தது. ஜன்னல் சீட்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கிருபாவிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை. இன்னொருத்தர் எழுதினதை என் பேரில் போட்டேன் என்றதும் புரிந்தது.

"நீங்க எழுதினதுன்னுல்லா நான் சர்ச்சுல, சொந்தத்துல எல்லாத்துலயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்." பிறகு, "இது தெரிஞ்சா வேல போயிருமா?" வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். "அப்பம் எதுக்குத்தான் இப்படி உக்காந்திருக்கீய? அழணும்னா அழுதிருங்க."

வரவில்லையே. வந்தால் அழமாட்டேனா.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பதிப்பகத்துக்குக் கடிதம். ஒன்றரைப் பக்கம். நம் கவுண்டரிலேயே பதிவு செய்தேன். எனக்கு நானே ரசீது கொடுத்தேன். நகல் முருகம்மாளுக்கு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. காலையில் உட்கார்ந்து களஞ்சியத்தின் பொதுப் பக்கத்தில் எழுதினேன்.

'கீழே உள்ள 143 கட்டுரைகளை நான் கைலாசம் எழுதிய சங்கிலி போன ஊர்கள் (1998) நூலிலிருந்து அனுமதியின்றிப் பார்த்தெழுதினேன். 2017-இல் அவற்றுக்கு நான் சேர்த்த சான்றுகள் பொய். நான் அந்நூல்களைப் பார்க்கவே இல்லை. உரிமையாளர் அனுமதி தர மறுத்துவிட்டார். நீக்கக் கோருகிறேன். நிர்வாகி பொறுப்பை ஒப்படைக்கிறேன். இதை முதலில் கண்டவர் முஃபீத்.'

பட்டியலைத் தட்டச்சு செய்ய இரண்டு மணி நேரம் ஆனது. பதின்மூன்று வருடத்துக்கு முன்பும் இதே வரிசையில்தான் அடித்தேன். கொடி ஏற்றிய பள்ளியிலிருந்து மைக் சத்தம். சேமி என்ற பொத்தானை அமுக்கினேன். சத்தம் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

முப்பதுக்கு மேல் பதில்கள். சிலர்: பதின்மூன்று வருட உழைப்பை மறக்கக் கூடாது. சிலர்: இவர் நீக்கிய அடுத்தவர் கட்டுரைகளை என்ன செய்வது? ஒருவர்: சொற்களை மாற்றி வைத்துக்கொள்ளலாமே, எதற்கு நீக்க வேண்டும். அதற்கு முஃபீத் பதில் எழுதியிருக்கிறார், எலும்பு அப்படியே இருந்தால் அதுவும் நகல்தான் என்று. என் பயிலரங்குக் குறிப்பிலிருந்து எடுத்தது. கீழே சான்றும் கொடுத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று நீக்கினார்கள். சென்னையில் இருக்கிற ஒரு நிர்வாகி, காலை ஏழு மணியிலிருந்து ஒவ்வொன்றாக. பட்டியலில் நீல எழுத்துகள் சிவப்பாகிக்கொண்டே வந்தன. சிவப்பு என்றால் அப்படி ஒரு பக்கம் இல்லை என்று பொருள். பார்த்துக்கொண்டே இருந்தேன். நூற்றுப் பத்தாவது வரும்போது கிருபா காபியோடு வந்து நின்றாள்.

"வாகைமறிச்சானும் போச்சா?"

அவள் பிறந்த ஊர். ஆலங்குளத்துக்குத் தெற்கே. அவள் அக்காமார் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பக்கத்தை அனுப்பியிருந்தாள்.

"போச்சு."

"எங்க ஊரு என்ன பாவம் செஞ்சுது" என்றாள். காபியை வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஒன்றுமில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பதிப்பகத்திலிருந்து இரண்டு வரிப் பதில்: கடிதம் கிடைத்தது, நூலை எடுத்துக்கொள்கிறோம். முருகம்மாளிடமிருந்து எதுவும் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

களஞ்சியத்தில் என்னைத் தடை செய்யவில்லை. இனி மற்றவர் பார்த்துச் சரி என்ற பிறகே நான் எழுதுவது வெளியே தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான ஏற்பாடு அது. ஒன்றும் எழுதவில்லை. வேலை விட்டு வந்து டி.வி. பார்க்கிறேன். என்ன ஓடியது என்று கிருபா கேட்பதில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

புத்தகம் வந்துவிட்டது. தென்காசிக் கடையில் மூன்று பிரதி இருந்தன, ஒன்று வாங்கினேன். முன்னுரை முருகம்மாள். அவருடைய அப்பா எந்த வெயிலில் நடந்தார், ராத்தங்கலுக்கு எந்தெந்த வீட்டில் இடம் தந்தார்கள் என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறார். கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம்: 'முதற்பதிப்பின் முழுப் பிரதி ஒன்றை அஞ்சலக ஊழியர் ஒருவர் கொண்டுவந்து தந்தார்.'

பெயர் இல்லை. திட்டவும் இல்லை. நான்கைந்து முறை வாசித்தேன். ஒரு சொல் கூடத் தவறில்லை.

புதுக்குறுக்கன்குளம் பக்கத்துக்குப் போனேன். 'நான் சங்கிலி பிடித்து அளந்த ஆண்டில்' என்று இருந்தது. அச்சில்.

நவம்பர் 6, வியாழன்

முஃபீத் போன். அவரும் வாங்கிவிட்டார். புதுக்குறுக்கன்குளத்துக்கு ஆறு வரியில் புதிதாக ஒரு கட்டுரை எழுதி, பக்க எண் போட்டு, நூலின் பெயரும் சேர்த்துவிட்டாராம். "இப்பம் கைலாசம்னு தேடினா வருது அண்ணாச்சி" என்றார். பிறகு, "நூத்தி நாப்பத்து ரெண்டு கெடக்கு. ஒத்த ஆளா முடியாது. நீங்களும் ஒரு ஊரு எழுதுங்க. நான் பாத்து விடுதேன்."

பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. எழுதுகிறேன் என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலை கிருபாவைக் கூட்டிக்கொண்டு வாகைமறிச்சான் போய்வந்தேன். மழை பெய்து குளம் பெருகிக் கிடந்தது. அவளுக்குச் சொந்தம் என்று அங்கே இப்போது யாரும் இல்லை. கரை மேலேயே நடந்து மறுகால்வரை போனோம்.

திரும்பி வந்ததும் புத்தகத்தில் அந்த ஊரை வாசித்து, மூடி வைத்துவிட்டு எழுதினேன். நான்கு வாக்கியம். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பக்கம் 88, பக்கம் 89. சாயங்காலத்துக்குள் முஃபீத் பார்த்து, சரி என்று வெளியே விட்டுவிட்டார்.

கிருபாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "இவ்வளவுதானா?"

"எனக்கு எழுத வந்தது இவ்வளவுதான்."

"நான் பஸ்ஸுல சொன்னதெல்லாம்?"

"அதப் போட முடியாது. அச்சுல எங்கயும் இல்ல."

"நான்தான சொல்லுதேன்" என்றாள்.

அவள் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். சொன்னவர் கிருபா, வயது ஐம்பத்தொன்று. மறுகால் பாயும்போது பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் போக முடியாது. பிள்ளைகளை ஒருவர் தோளில் தூக்கிக் கடத்திவிடுவார். அவள் அக்காவின் ஒரு செருப்பு தண்ணீரில் போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனால் அடி விழும் என்று பயந்து, அக்கா மற்றதையும் கழற்றி எறிந்துவிட்டாள். வீட்டில், செருப்பே போட்டுக்கொண்டு போகவில்லை என்று சாதித்திருக்கிறாள். மறுநாள் கீழ்வயலில் இரண்டு செருப்பும் கரை ஒதுங்கி, அவற்றை எடுத்த ஆள் ஜோடியாகக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்துவிட்டாராம்.

இதைச் சொல்லிக் கிருபா சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நானும் சிரித்தேனாம். கிருபா சொல்கிறாள்.